பதினெட்டாயிரம் புதிய தமிழர்கள்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு ஒரு தொகுதியிலிருந்து யார் போக வேண்டும் என்பது, அந்த அக்டோபர் மாதம், பஹ்ரைனில் ஈசா டவுனில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் தீர்மானமாகிக்கொண்டிருந்தது. தீர்மானித்தவர்கள் மூன்று பேர். மூவரும் எந்த நாட்டிலாவது ஓட்டுப் போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

முதலாளி விஜயபாஸ்கர். விசிட்டிங் கார்டில் 'உலகத் தேர்தல் வியூக நிபுணர்' என்று இருக்கும். மதுரையில் ஒரு வார்டு கவுன்சிலர் தேர்தலை நடத்திக் கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. அவருடைய வேட்பாளர் ஐந்தாவதாக வந்தார். நின்றவர்களே ஐந்து பேர்தான். 'முதல் ஐந்து இடங்களுக்குள்' என்று அதை அவர் கம்பெனியின் அறிமுகப் படத்தில் போட்டிருந்தார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாமவன் அஹ்சன். அதிராம்பட்டினத்துப் பையன், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன், இருபத்தாறு வயது. துபாயிலிருந்து வேலைக்கு வரச்சொல்லி அவனுக்கு வாரம் ஒரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. ஆகவே விஜயபாஸ்கர் அவனிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார்.

மூன்றாமவர் அனந்தகிருஷ்ணன். திருச்சிக்காரர், ஐம்பத்தோரு வயது. ஒரு கட்டுமானக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் பர்சேஸ் மேனேஜராக இருந்தார். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தக் கம்பெனி அவருக்குக் கேக் வெட்டி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பியது. மகள் ஹர்ஷினி ஈசா டவுன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் பரீட்சை. பதிவெல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் வேறு பள்ளிக்கு மாற முடியாது. விஜயபாஸ்கர் எடுத்துக் கொடுத்திருந்த விசா நவம்பர் முப்பதுவரை. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அனந்தகிருஷ்ணன், மனைவி பத்மா, ஹர்ஷினி மூன்று பேரும் விமானம் ஏற வேண்டும். பரீட்சை ஏறாது.

"என்னங்க, இன்னிக்காவது விசாவைப் பத்திக் கேட்டீங்களா?" என்று பத்மா தினமும் கேட்பாள்.

"கேட்டேன். எலெக்‌ஷன் முடியட்டும்கறார்."

"எந்த எலெக்‌ஷன்?"

"அமெரிக்காவுல."

"கடவுளே" என்பாள் பத்மா. பதினேழு வயதுப் பெண்ணின் கெமிஸ்ட்ரி பரீட்சை, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்க வெள்ளைக்காரர் ஜெயிப்பதில் போய் மாட்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன சொல்வது?

அமெரிக்காவில் அது ஜனாதிபதி தேர்தல் அல்ல. இரண்டு ஜனாதிபதித் தேர்தல்களுக்கு நடுவே வரும் இடைக்காலத் தேர்தல். அந்த வெள்ளைக்காரர் போன தடவை இரண்டாயிரத்துச் சில்லறை ஓட்டில் ஜெயித்திருந்தார். அவருடைய பிரச்சாரக் குழு, இந்திய ஓட்டுகளைப் பிடிக்கும் வேலையை வர்ஜீனியாவில் ஒருவரிடம் கொடுத்தது. அவர் ஹைதராபாத்தில் ஒருவரிடம் கொடுத்தார். ஹைதராபாத்துக்காரருக்குத் தெலுங்கர்களைத் தெரியும், தமிழர்களைத் தெரியாது. அப்போதுதான் விஜயபாஸ்கர் எழுந்து நின்றார்.

"அந்தத் தொகுதியில மூவாயிரம் தமிழ் ஓட்டு இருக்கு" என்று வீடியோ காலில் அடித்துச் சொன்னார். எங்கிருந்து எடுத்தார் அந்த மூவாயிரத்தை என்று யாரும் கேட்கவில்லை. "தமிழன்கிட்ட தமிழ்ல கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டான் சார்."

இதைச் சொன்னவர், அஹ்சன் தமிழில் கேட்ட லீவுக்கு அதே வாரம் மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

வாக்காளர் பட்டியல் வந்தது. அமெரிக்கப் புரோகிராம் ஒன்று குடும்பப் பெயரை வைத்து ஒவ்வொருவரின் இனத்தையும் ஊகித்து, நாலு பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தது. பெட்டிக்கு ஒரு செய்தி. வெள்ளையர் பெட்டிக்குப் பயம்: வெளியூர்க்காரர்கள் உங்கள் வேலையைப் பறிக்கிறார்கள். இந்தியர் பெட்டிக்குப் பெருமை: உங்கள் உழைப்பால் இந்த நாடு உயர்ந்தது. இரண்டையும் ஒரே வேட்பாளர்தான் சொன்னார். ஸ்பானிஷ்காரர்களுக்கு வேலைவாய்ப்பு. கறுப்பினத்தவர் பெட்டிக்கு எந்தச் செய்தியும் இல்லை.

"இவங்களுக்கு என்ன அனுப்பறது சார்?" என்று கேட்டார் அனந்தகிருஷ்ணன்.

"எதுக்கு அனுப்பணும்? அம்பது வருஷமா இந்தக் கட்சிக்குத்தான் போடறாங்க. எதிர்க்கட்சி அவங்களைச் சேர்த்துக்காது. வேற எங்க போவாங்க?"

விஜயபாஸ்கர் மதுரையில் கண்டுபிடித்த வியூகம் அது. 'வேற எங்க போவாங்க' என்று முழுதாக எழுத நேரமில்லாததால் ஆங்கில எழுத்தில் சுருக்கி வி.இ.பி. என்று போடுவார். அன்று சாயங்காலமே கறுப்பினப் பெட்டியில் இருந்த பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கும், பெயருக்கு முந்தைய காலிக் கட்டத்தில் வி.இ.பி. என்று மௌஸால் ஒரே இழுப்பில் இழுத்து நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். போன் வேண்டாம், கடிதம் வேண்டாம், செலவு வேண்டாம் என்பதற்கான முத்திரை.

அனந்தகிருஷ்ணனின் வேலை தமிழர்களைக் கண்டுபிடிப்பது. அமெரிக்கப் புரோகிராமுக்குத் தமிழ்ப் பெயர் பிடிபடவில்லை. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் கடைசியில் நிற்கும் என்பது அதற்குத் தெரியாது. அப்பா பெயர் கென்னடி என்பதால் தூத்துக்குடிக்காரர் ஒருவர் வெள்ளையர் பெட்டியில் கிடந்தார். 'வெளியூர்க்காரர்கள் உங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்' என்ற செய்தி அவருக்குத்தான் போயிருந்தது. அவர் அதைத் தன் அப்பார்ட்மெண்ட் குரூப்பில் 'நூற்றுக்கு நூறு உண்மை' என்று எழுதிப் பகிர்ந்திருந்தார்.

அனந்தகிருஷ்ணனுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருந்ததால் பத்தொன்பது வருடம் ஆபீஸில் அவரை எல்லோரும் 'மிஸ்டர் கல்யாணசுந்தரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். கேக்கிலும் அப்பா பெயர்தான் இருந்தது.

பத்து நாள் சல்லடை போட்டும் தேறியது நானூற்றுப் பதினோரு தமிழர்கள்.

"நானூத்திப் பதினொண்ணா?" விஜயபாஸ்கர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நான் மூவாயிரம் சொல்லியிருக்கேன் கிருஷ்ணன் சார். காண்ட்ராக்ட் போச்சுன்னா ஆபீஸ் போச்சு. ஆபீஸ் போச்சுன்னா விசா எங்கேருந்து வரும்?"

அனந்தகிருஷ்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தோன்றியது. "அஹ்சன், எந்த ஊருக்குப் போனாலும் பேருக்கு முன்னாடி எழுத்தைப் போட்டு, புள்ளி வெக்கறவன் நம்மாளு மட்டும்தான்ப்பா. இனிஷியல் இருந்தா தமிழன். இதை ரூலா போடு."

"செம ஐடியாண்ணே" என்றான் அஹ்சன். ஏற்கெனவே தேறிய நானூற்றுப் பதினோரு பேர், முதலாளியின் பட்டியல், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த எழுத்து இருக்கிறவர்களை எல்லாம் தமிழர் என்று எடுக்கச் சொல்லி ஓட்டினான்.

பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினோரு தமிழர்கள் வந்தார்கள்.

அனந்தகிருஷ்ணனுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. வி.இ.பி. லொரெட்டா. வி.இ.பி. டைரோன். வி.இ.பி. டெனிஸ். திரையை இறக்க இறக்க வி.இ.பி. வந்துகொண்டே இருந்தது. முதலாளியின் முத்திரையைப் புரோகிராம் இனிஷியல் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கறுப்பின வாக்காளர்கள் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் ஒரே மதியத்தில் தமிழர்களாகியிருந்தார்கள்.

சொல்வதற்காகத்தான் முதலாளி அறைக்குப் போனார். ஆனால் அஹ்சன் எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் முன்பே அனுப்பிவிட்டிருந்தான், முதலாளி அதை ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார், ஹைதராபாத் வர்ஜீனியாவுக்கு. விஜயபாஸ்கர் எழுந்து வந்து அனந்தகிருஷ்ணனைக் கட்டிப்பிடித்தார்.

"சார், பேரைப் பாருங்க. டைரோன், லொரெட்டா..." என்று ஆரம்பித்தார் அனந்தகிருஷ்ணன்.

"கிறிஸ்டியன்ஸா இருப்பாங்க சார். நாகர்கோவில் பக்கம் இப்படித்தான் வெப்பாங்க."

"இல்ல சார், அந்த இனிஷியல்..."

"எல்லாருக்கும் ஒரே இனிஷியலா? அப்ப ஒரே குடும்பம். பெரிய குடும்பம். எப்பவும் சேர்ந்துதான் ஓட்டுப் போடுவாங்க." தான் போட்ட முத்திரையை அவரே மறந்துவிட்டிருந்தார். நிபுணர்களுக்கு வேலை அதிகம். "உங்க விசா பேப்பரை இந்த வாரமே அனுப்பறேன். சந்தோஷமா?"

அனந்தகிருஷ்ணன் வாயைத் திறந்தார். கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் என்று வரிசையாக ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர் குரலிலேயே பதிவு செய்தார்கள். "அன்பான தமிழ்ச் சொந்தங்களே! தீபாவளி நல்வாழ்த்துகள். உங்கள் ஓட்டு நம்மவருக்கே." தேர்தலுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் தீபாவளி, வாழ்த்து முன்கூட்டியே. பத்தொன்பதாயிரம் போன்களில் அது ஒலித்தது. பின்னாலேயே 'அன்புள்ள வி.இ.பி. லொரெட்டா' என்பதுபோலப் பெயர் போட்டு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. திரும்பக் கூப்பிட ஒரு நம்பர். அந்தப் போன் அனந்தகிருஷ்ணனின் மேஜையில் இருந்தது.

மறுநாள் மாலை அது அடித்தது. அங்கே காலை நேரம். வயதான பெண்மணி, ஆங்கிலம்.

"இந்த நம்பர்லேருந்து ஒருத்தர் எங்கிட்டப் பேசினார். நீங்கதானா அது?"

"ஆமாம் மேடம்."

"என்ன பாஷை பேபி அது? எங்க சர்ச்சுல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். பாஸ்டருக்கே தெரியலை. திட்டினீங்களா என்ன?"

ஐம்பத்தோரு வயதில் 'பேபி' என்று கூப்பிடப்பட்ட அனந்தகிருஷ்ணனுக்கு வியர்த்தது. "ஐயோ, வாழ்த்து மேடம். எங்க பண்டிகை. விளக்கு ஏத்துவோம். காலைல எண்ணெய் தேச்சுக் குளிப்போம்."

"நான் தினமுமே குளிக்கறேன்" என்றார் அந்தப் பெண்மணி. "என் பேர் லொரெட்டா. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். அதென்ன என் பேருக்கு முன்னாடி வி.இ.பி.?"

அனந்தகிருஷ்ணனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. நாக்கு வேறு ஒன்றைச் சொன்னது. "வெரி எஸ்டீம்ட் பெர்சன், மேடம். மிகுந்த மதிப்புக்குரியவர்."



"பேபி, நான் அம்பத்திரண்டு வருஷமா இந்தக் கட்சிக்குப் போடறேன். எங்கம்மாவை ஓட்டுப் போட விடாம அடிச்சுத் துரத்தினாங்க. அதனால நான் ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது போன் பண்ணினாங்களா? தேர்தலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த ஆள் எங்க சர்ச்சுக்கு வருவார். பாட்டுக்குக் கை தட்டுவார். தாளம் தப்பாத் தட்டுவார். போயிடுவார்." அந்தச் சொல்லைத் தனியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மதிப்புக்குரியவர். ம். நல்லா இருக்கு."

பிறகு ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் பகுதியிலிருந்த ஓட்டுச்சாவடியை எடுத்துவிட்டார்கள். இப்போது ஏழு மைல் தூரம். வண்டி இல்லாத கிழங்கள் நிறைய. யாரிடம் சொல்வது?

அனந்தகிருஷ்ணன் எழுதிக்கொண்டு முதலாளியிடம் போனார். "வண்டி ஏற்பாடு பண்ணச் சொல்லி மேல எழுதலாமா சார்?"

"எந்த ஏரியா?" விஜயபாஸ்கர் வரைபடத்தைப் பார்த்தார். "சார், இது கறுப்பின ஏரியா. தமிழ் ஏரியாவைப் பத்திப் பேசுங்க. இவங்க நடந்தாவது வந்து போட்டுடுவாங்க. வேற எங்க போவாங்க?"

விசா பேப்பர் அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வீட்டில் ஹர்ஷினி ஒருநாள், "அப்பா, ஜஸ்ட் டெல் மீ. எக்ஸாம் எழுதறேனா இல்லையா? இல்லைன்னா நான் படிக்கறதை ஸ்டாப் பண்ணிடறேன்" என்று அழாமல் கேட்டாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. மதியம் அஹ்சன் ஒரு தாளோடு வந்தான். "அண்ணே, சார் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். நீங்க பார்க்கணும்னு தோணிச்சு."

விசா புதுப்பிக்கும் பட்டியல். இரண்டே பெயர்கள்.

அஹ்சன்: துபாய் ஓடிடுவான். உடனே ரெனியூ.

வி.இ.பி. அனந்தகிருஷ்ணன்: அவசரம் இல்லை. தள்ளலாம்.

அவர் அதைப் பலமுறை படித்தார். அச்சுப் பிழை எதுவும் இல்லை. ரியாத்துக்கும் துபாய்க்கும் அவர் ஜூனிலிருந்து அனுப்பிய எழுபது விண்ணப்பங்களுக்கு ஒன்றுகூடப் பதில் வரவில்லை என்பது முதலாளிக்குத் தெரியும். அனந்தகிருஷ்ணனே சொல்லியிருந்தார்.

நாலரை மணிக்குப் போன் அடித்தது. பின்னணியில் கூட்டத்தின் சத்தம்.

"பேபி, லொரெட்டா பேசறேன். கியூவுல நிக்கறேன். எப்படியோ மூணு வண்டி பிடிச்சு வந்துட்டோம். எங்க சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாரும் பேட்ஜ் குத்தியிருக்கோம், கேளுங்க. வி.இ.பி.ன்னு! என் பேத்தி தெச்சுக் கொடுத்தா, ஊதா கலர்ல. முன்னாடி இன்னும் இருநூறு பேர் இருக்காங்க. முட்டி உயிர் போகுது. ஆனா பரவாயில்லை."

அனந்தகிருஷ்ணனின் எதிரே அந்தத் தாள் கிடந்தது.

"மேடம், நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"எதைப் பத்தி?"

"அந்த எழுத்து. அது எங்க பாஷை. மதிப்புக்குரியவர்னு அர்த்தம் இல்லை. 'வேற எங்க போவாங்க'ன்னு அர்த்தம். உங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம், எப்படியும் போட்டுடுவாங்கன்னு ஒரு குறி."

கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள்.

"அது எனக்குத் தெரியும் பேபி" என்றார் லொரெட்டா. "அம்பத்திரண்டு வருஷமாத் தெரியும். அதுக்கு ஒரு சுருக்கெழுத்து வெச்சிருப்பீங்கன்னுதான் தெரியாது." மூச்சு வாங்கினார். "இதை ஏன் இன்னிக்குச் சொல்றீங்க?"

"இன்னிக்கு என் பேருக்கு முன்னாடியும் அதைப் பார்த்தேன்."

"ஓ." குரல் மாறியது. "அப்ப நீங்க எங்க போவீங்க?"

"என் பொண்ணுக்குப் பிப்ரவரியில பரீட்சை மேடம்."

"பரீட்சை முக்கியம். நீங்க இருங்க" என்றார் லொரெட்டா. "எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை."

போனை அவர் வைக்கவில்லை. பையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. அவர் யாரிடமோ பேசுவது கேட்டது, பிறகு இன்னொருவரிடம். கொஞ்சம் சிரிப்பு, சந்தோஷச் சிரிப்பு அல்ல. ஒரு பெண், "இந்த ஊசியைக் கொஞ்சம் பிடி, பேட்ஜைக் கழட்டணும்" என்றாள். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அதன்பிறகு இணைப்பு அறுந்தது.

வெள்ளைக்காரர் தொள்ளாயிரத்து நாற்பது ஓட்டில் தோற்றார்.

புதன்கிழமை மதியம் விஜயபாஸ்கர் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். நொறுங்கியபோதும் கோட் போட்டிருந்தார். "தமிழன் துரோகம் பண்ணிட்டான் சார். பத்தொன்பதாயிரம் பேர்! எதிர்க்கட்சிக்குப் போட்டுட்டானா?"

"இல்ல சார். எதிர்க்கட்சிக்கு ஓட்டு ஏறவே இல்லை."

"அப்ப வேற எங்க போனாங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

 இந்த விடை விஜயபாஸ்கரின் வியூகத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஹைதராபாத்லேருந்து எழுத்துல விளக்கம் கேக்கறான். யார் இந்த இனிஷியல் ரூலைப் போட்டதுன்னு. நீங்கதானே சார்? 'முழுப் பொறுப்பும் என்னுடையது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை'ன்னு ஒரு கையெழுத்து. இது உங்க விசா பேப்பர். நான் கையெழுத்துப் போட்டா இன்னிக்கே போயிடும். ஒரு வருஷம்." பேனாவைத் திறந்து நீட்டினார். "இனிமே இந்த ஃபீல்டுல யாரும் உங்களை எடுக்கமாட்டாங்க, அது உண்மை. அதனால என்ன? நான் இருக்கேன்ல?"

அடுத்த அறையில் அஹ்சன் தட்டச்சு செய்வது நின்றுவிட்டது. அனந்தகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தார். கீழே தையல் கடைக்காரர் ஒரு பள்ளிச் சீருடையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். ஹர்ஷினியின் பள்ளிச் சீருடைதான்.

அவர் விளக்கக் கடிதத்தை இழுத்தார். கீழே, 'பெயர் (இனிஷியலுடன்)' என்று ஒரு கோடு. நிதானமாக எழுதினார்.

விஜயபாஸ்கர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். வி.இ.பி அனந்தகிருஷ்ணன். இந்தத் தடவை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று அனந்தகிருஷ்ணன் எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

முதலாளி தாளைத் திருப்பி நகர்த்தினார்.

"கடைசிப் புள்ளி விட்டுப்போச்சு பாருங்க" என்றார்.

அனந்தகிருஷ்ணன் புள்ளியை வைத்தார். விஜயபாஸ்கர் விசா பேப்பரை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.